வீட்டுக்குள் நடக்கும் பராமரிப்பை யார் அளப்பது?

பாலையூற்றில் படுத்த படுக்கையாகிவிட்ட தாய்க்கோ தகப்பனுக்கோ ஆள் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, “ஆள் நம்பிக்கையோ?” என்பதைத்தான். கேட்பதில் பிழையில்லை. அலுமாரித் திறப்பு வீட்டில் கிடக்கும், பிள்ளைகள் லண்டனிலோ டொரொன்டோவிலோ இருப்பார்கள், முன்பின் தெரியாத ஒருவர் இரவும் பகலும் வீட்டுக்குள் இருக்கப் போகிறார். ஆனால் அந்தக் கேள்வி நகையைக் காப்பாற்றுமே தவிர நாரியில் வரும் படுக்கைப்புண்ணைத் தடுக்காது. கை சுத்தமான, கனிவாகப் பேசுகிற, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற ஒருவர்கூட, மூக்குக் குழாயால் கஞ்சி ஏற்றிய கையோடு அம்மாவை மட்டமாகப் படுக்க வைத்தால் கஞ்சி நுரையீரலுக்குள் போகத்தான் செய்யும். நல்ல மனிதர் கையாலும் கெட்ட பராமரிப்பு நடக்கும். இந்த விடயத்தில் நம் ஊர்களில் பேசப்படாமல் இருப்பது இதுதான்.

திருகோணமலை நகரிலிருந்து கண்டி வீதி வழியே போனால் பாலையூற்று. லூர்து மாதா கோயிலால் பெயர் பெற்ற இடம். தமிழரோடு பறங்கியர் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கின்றன. துறைமுகத்திலும் சீனன்குடாவின் மா ஆலையிலும் சீமெந்து ஆலையிலும் உழைத்து ஓய்ந்தவர்கள் இந்தப் பக்கத்து வீடுகளில் நிறைய. 1957இல் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தை ஒப்படைத்துப் போனபோது பள்ளிப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டி நிற்கிறார்கள். அவர்களைப் பார்க்க வேண்டிய வயதிலுள்ளவர்களை 1983க்குப் பிந்திய ஆண்டுகள் உலகெங்கும் சிதறடித்தன. மிஞ்சியவர்களில் பலர் கொழும்பிலோ வளைகுடாவிலோ வேலை செய்கிறார்கள். நாட்டுக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 சதவீதம், அதாவது எட்டுப் பேரில் ஒருவர். அதன்பின் அந்தப் பங்கு கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரே வகையினர் அல்லர். சம்பளம் வாங்கியோ வாங்காமலோ பார்க்கும் சொந்தக்காரர் ஒருவர். சமையலுக்கும் கூட்டித் துடைக்கவும் வந்து மெல்ல மெல்ல நோயாளியின் பொறுப்பும் தலையில் ஏறியவர் இன்னொருவர். வைத்தியசாலையில் யாரோ ஒரு நோயாளிக்குத் துணை நின்று, அங்கே கை மாறிய தொலைபேசி எண்ணால் அடுத்தடுத்த வீடுகளுக்குப் போகிறவர்களும் உண்டு. கொழும்பு ஏஜென்சிகள் அனுப்புகிறவர்களில் மலையகத்திலிருந்து வரும் இளம் பெண்கள் கணிசம். கடைசியாக, ‘டியூட்டி’ முடிந்தபின் காயத்துக்கு மருந்து கட்டவும் சிறுநீர்க் குழாய் மாற்றவும் வந்துபோகும் தாதியர். இவர்களில் பதிவு எண் உள்ளவர் அந்தத் தாதி மட்டுமே. அதிக நேரம் நோயாளியோடு இருக்கிறவர்களோ எந்தப் பதிவிலும் இல்லாதவர்கள்.

என்னென்ன பிழைக்கும் என்பதை வெறும் அச்சமாக விடாமல் எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று கனடாவில் 2013இல் வெளிவந்தது. வீட்டுப் பராமரிப்புப் பெற்றவர்களின் கோவைகளை மாகாணம் மாகாணமாகப் புரட்டிய அந்த ஆய்வு, பராமரிப்பினாலேயே வந்த தீங்கு ஆண்டுக்கு 10.1 சதவீதம் என்று கணித்தது. அவற்றில் 56 சதவீதம் தடுத்திருக்கக்கூடியவை. விழுதல், காயத்தில் கிருமி தொற்றல், மருந்துப் பிழை, மனநிலைக் குலைவு ஆகியவையே முன்னால் நின்றன. பயிற்சியும் மேற்பார்வையும் பதிவேடும் உள்ள நாட்டின் கணக்கு இது. அவை மூன்றும் இல்லாத இடத்தில் என்ன கணக்கு வரும் என்று நம்மில் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

படுக்கைப்புண்ணையே எடுத்துக்கொள்வோம். தசை வற்றிய முதுமையில் எலும்பு மேடான இடங்களில், நாரிக்குக் கீழே, இடுப்பில், குதிக்காலில், சில மணி நேர அழுத்தமே தோலுக்கடியில் இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். இரண்டு மணிக்கொருதரம் புரட்டிவிட வேண்டும் என்பது தாதியர் கல்லூரியில் முதலாம் ஆண்டுப் பாடம். தோல் சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் சிவப்பு மாறாதிருந்தால் அது முதல் அறிகுறி என்றும் பாடம் சொல்லும். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்ட பாடம் அது. நம்முடைய தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அந்த இடம் கொஞ்சம் கூடக் கறுத்திருக்கும், தொட்டால் சுடும், அல்லது சுற்றியிருக்கும் சதையைவிட இறுகியிருக்கும். கண்ணால் மட்டும் பார்க்கிறவருக்கு அகப்படாது, தொட்டுப் பார்க்கிறவருக்குத்தான் அகப்படும். தோல் உடைந்து மணம் வந்தபின்னரே வீட்டார் அறிகிறார்கள். அப்போது உள்ளே எலும்புவரை போயிருக்கலாம்.

இன்சுலினும் அப்படித்தான். ஊசிக் குழலில் 8 அலகுக்கும் 18 அலகுக்கும் இடையிலுள்ள தூரம் விரற்கடைக்கும் குறைவு. காலை ஊசியைப் போட்டுவிட்டு, ஐயா இரண்டு வாய் இடியப்பத்தோடு போதும் என்று தலையைத் திருப்பிக்கொண்டால், பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டிப் பிதற்றி அசந்துவிடுவார். “நல்லா நித்திரை கொள்ளுறார், எழுப்பவேண்டாம்” என்று விடப்படும் அந்த நித்திரை சீனி இறங்கியதால் வந்ததாக இருக்கலாம். வைத்தியசாலை கொடுத்தனுப்பும் ‘டயக்னோசிஸ் கார்ட்’ ஆங்கிலத்தில். மருந்துப் பையில் எழுதியிருப்பது சுருக்கெழுத்து. படித்து விளங்க வேண்டியவர் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒருவர். பிழை நடந்தால் அவரைத் திட்டுகிறோம். அந்தக் கடதாசியை எழுதியவரை யாரும் திட்டுவதில்லை.

இலங்கைக்கேயுரிய ஆபத்தும் ஒன்று உண்டு. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரத்தைத் தொட்டது. காற்று மெத்தை தளர்ந்து நோயாளி கட்டில் பலகையில் கிடப்பார், ஒட்சிசன் செறிவாக்கி நின்றுவிடும், குளிர்சாதனப் பெட்டியிலுள்ள இன்சுலின் சூடேறும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று எழுதி ஒட்டிய காகிதம் ஒன்று அந்தப் பெட்டிமேல் இருந்த வீடுகள் எத்தனை இருந்திருக்கும்? பராமரிப்பின் தரம் என்றால் ஆளின் தரம் மட்டும் என்று நினைப்பதால் இவையெல்லாம் கணக்கில் வருவதேயில்லை.

இதற்குள் ஒரு சிறு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மணிக்கொருதரம் புரட்ட வேண்டுமானால் இரவு பத்துக்கும் காலை ஆறுக்கும் இடையே மூன்று முறையாவது எழும்ப வேண்டும். அதே ஆள்தான் பகலில் குளிப்பாட்டி, ஊட்டி, ‘பம்பஸ்’ மாற்றி, அநேக வீடுகளில் சமைத்தும் போட வேண்டும். ‘இருபத்துநாலு மணி நேர ஆள்’ என்று ஏஜென்சிகள் விற்கும் சேவை மனித உடம்பால் செய்ய முடியாத ஒன்று. அவர் எங்கோ ஓரிடத்தில் தூங்கத்தான் போகிறார். அதைத் தெரிந்துகொண்டே அமர்த்துகிறோம். என் கணிப்பில், திருகோணமலை வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய பாதுகாப்புக் குறைபாடு இதுவே. அதற்குப் பொறுப்பு பராமரிப்பாளருக்குரியதல்ல, அமர்த்துகிறவருக்கும் அனுப்புகிறவருக்கும் உரியது. தனியே ஒரு பாரமான உடம்பைத் தூக்கி நாரி பிடித்துப்போனவர்களும், வீட்டு ஆண்களின் சேட்டையைச் சொல்ல இடமில்லாமல் இரவோடிரவாகப் பஸ் ஏறினவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. பராமரிப்பாளருக்குப் பாதுகாப்பில்லாத வீட்டில் நோயாளிக்கும் பாதுகாப்பு இராது.

அளப்பதற்கு வருவோம். மருத்துவத்தின் தரத்தை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்விக்கு 1966இல் அவெடிஸ் டொனபேடியன் எழுதிய கட்டுரையில் கொடுத்த சட்டகத்தைத்தான் உலகம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. என்ன வசதி, எத்தனை ஆள், என்ன தகைமை என்பது அமைப்பு. செய்ய வேண்டியதைச் செய்தார்களா என்பது செய்முறை. நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பது விளைவு. வைத்தியசாலைக்கு இந்த மூன்றும் பொருந்தும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் மூன்றும் தடுமாறுகின்றன. அமைப்பு என்பது வீடே. குளியலறைப் படி, வழுக்கும் தரை, கட்டிலின் உயரம் எல்லாம் வீட்டுக்காரருக்குச் சொந்தமானவை, சேவை தருகிறவரின் கையில் இல்லை. செய்முறையைப் பார்க்க அங்கே வேறு கண் இல்லை. விளைவோ, எண்பத்தைந்து வயதில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டுதான் போகும். அந்த இறக்கத்தில் வயதின் பங்கு எவ்வளவு, கவனக்குறைவின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது வைத்தியருக்கே கடினம்.

பணமும் சட்டமும் உள்ள நாடுகள் இதில் என்ன செய்து பார்த்தன? அமெரிக்கா 2003இல் வீட்டுத் தாதிச் சேவை நிறுவனங்களை ஒப்பிட்டுக் காட்டும் இணையத் தளத்தைத் திறந்து, 2015இல் நட்சத்திரமும் கொடுக்கத் தொடங்கியது. நோயாளி நடக்கிறாரா, தானே குளிக்கிறாரா, மூச்சுத் திணறல் குறைந்ததா என்பவற்றை வைத்தே பெரும்பாலும் நட்சத்திரம். அந்தத் தகவலை நிரப்பி அனுப்புகிறவர்கள் அந்தந்த நிறுவனத்தின் ஊழியரே. தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவனின் புள்ளியை எவ்வளவு நம்புவது என்ற கேள்வி அங்கே இன்னும் ஓயவில்லை. நோயாளிகளிடம் தனியே கருத்துக் கேட்கும் முறையும் பக்கத்தில் உண்டு.

ஜெர்மனி 1995இல் பராமரிப்புக் காப்புறுதியைக் கொண்டுவந்தது. 2009இல் பள்ளிக்கூடத்தில் போடுவதுபோலத் தரப்புள்ளி போடத் தொடங்கியது. கொஞ்சக் காலத்தில் ஏறக்குறைய எல்லோரும் ‘மிக நன்று’ ஆகிவிட்டார்கள். கோவையில் எழுத்து ஒழுங்காக இருந்தால் புள்ளி விழுந்தது, உடம்பில் புண் இருந்தாலும்கூட. கேலிக்குள்ளான அந்தப் புள்ளி முறையை முதியோர் இல்லங்களில் 2019இல் கைவிட்டார்கள். ஆனால் ஜெர்மனியிடம் எடுத்துக்கொள்ளக்கூடிய வேறொன்று இருக்கிறது. குடும்பத்தாரே பராமரித்து அதற்கு மாதப் பணம் வாங்கும் வீடுகளுக்கு, குறைந்தது ஆறு மாதத்துக்கொருமுறை தொழில் தெரிந்த ஒருவர் வந்து பார்த்து ஆலோசனை சொல்லிப் போவது கட்டாயம். அந்த வருகையை மறுத்தால் பணம் வெட்டுப்படும். ஜப்பானில் 2000இல் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியிலும் இதே எண்ணம்தான். சேவை தருகிறவர் ஒருவர், திட்டம் போட்டு இடையிடையே வீட்டுக்கு வந்து அதைச் சரிபார்க்கிறவர் வேறொருவர்.

இங்கிலாந்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் அங்கே பராமரிப்பு வேலைக்குப் போயிருப்பதால் “அங்கே எல்லாம் ஒழுங்கு” என்று கேட்டுப் பழகிவிட்டோம். வீட்டில் உடல் பராமரிப்புத் தரும் நிறுவனம் எதுவும் அங்கே பராமரிப்புத் தர ஆணைக்குழுவில் பதியாமல் தொழில் நடத்த முடியாது. பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, பரிவானதா, தேவைக்கு ஈடுகொடுக்கிறதா, நிர்வாகம் சரியா என்று ஐந்து கேள்விகளை வைத்து நாலு தரங்களில் ஒன்றைக் கொடுக்கிறார்கள். கேள்விகள் நல்ல கேள்விகள்தான். ஆனால் 2024இல் டொக்டர் பென்னி டாஷ் தலைமையில் நடந்த மீளாய்வு அந்த ஆணைக்குழுவையே கிழித்துக் காட்டியது. ஐந்தில் ஓர் இடத்துக்குத் தரமே வழங்கப்படவில்லை. பல இடங்களின் தரம் ஆண்டுக்கணக்கில் பழையது. அதற்கு முன்பே, 2011இல், சமத்துவ மற்றும் மனித உரிமை ஆணைக்குழு வீட்டுப் பராமரிப்பை விசாரித்தபோது, கால்மணி நேர வருகையில் குளிப்பதா சாப்பிடுவதா என்று தெரிவு செய்ய வேண்டிய நிலையில் முதியவர்கள் இருந்தது தெரியவந்தது. அவர்களில் பலர் முறையிடவும் இல்லை. முறையிட்டால் வருகிற ஆளும் வராமல் போய்விடும் என்ற பயம். இந்தப் பயத்தைப் புரிந்துகொள்ள நாம் இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. “எப்படி அம்மா, நல்லாப் பாக்கினமோ?” என்று கனடாவிலிருந்து மகன் வீடியோவில் கேட்கும்போது, தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் யார்? அந்தப் பராமரிப்பாளர்தான்.

பதிவும் மேற்பார்வையும் இருந்தாலே போதாது என்பதற்குக் கனடாவும் சாட்சி. அங்கே ஒன்ராறியோவில் எலிசபெத் வெட்லாஃபர் என்ற பதிவு பெற்ற தாதி இன்சுலினைக் கொண்டு முதியவர்கள் எட்டுப் பேரைக் கொன்றதை 2017இல் நீதிமன்றில் ஒப்புக்கொண்டார். 2016இல் நடந்த அவருடைய கடைசிக் கொலை முயற்சி ஒரு தனியார் வீட்டில், வீட்டுப் பராமரிப்புக்குப் போன இடத்தில். தகைமை, பதிவு, நிறுவனம், மேற்பார்வை அத்தனையும் இருந்தன. அவர் தானாக வாய் திறந்திராவிட்டால் இவை வெளியே வந்தே இராது என்பது நீதிபதி ஐலீன் கிலீஸ் 2019இல் சமர்ப்பித்த விசாரணை அறிக்கையின் முடிவு. இப்படிப்பட்டவர்கள் மிக மிக அரிது. இதைச் சொல்லிப் பராமரிப்பாளர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க வைப்பது என் நோக்கமில்லை. எண்பது வயதானவர் இறந்தால் “வயசுதானே” என்று கேள்வி கேட்காமல் விடும் வழக்கம் எவ்வளவு பெரிய ஓட்டை என்பதற்கே இதைச் சொல்கிறேன்.

இனி நம் நாட்டுச் சட்டம். வீட்டுக்குள் வேலைக்கு வருகிறவர்களைப் பதியச் சொல்லும் சட்டம் இலங்கையில் உண்டு. ஆண்டு 1871, இலக்கம் 28, வீட்டு வேலைக்காரரைப் பொலிஸில் பதியும் கட்டளைச் சட்டம். துரைமார் வீட்டுக் கரண்டி களவு போகாதிருக்கச் செய்த ஏற்பாடு, ஏட்டுச் சுரைக்காயாகிப் பல காலம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தேசிய முதியோர் பேரவையையும் செயலகத்தையும் பராமரிப்புச் சபையையும் தந்தது. பிள்ளைகள் கைவிட்டால் பெற்றோர் செலவுப் பணம் கேட்கலாம். முதியோர் இல்லம் நடத்துகிறவர் பதிய வேண்டும். 2006ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டமும், நோயாளியை ஏற்று வைத்துப் பார்க்கும் இடங்களையும் சோதனை நிலையங்களையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. 2005இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உறவினர் செய்யும் கொடுமைக்குத்தான். எல்லாம் கட்டடத்தைப் பார்க்கின்றன, அல்லது குடும்பத்தைப் பார்க்கின்றன. தன் வீட்டுக் கட்டிலில் கிடக்கும் ஒருவருக்கு வெளியாள் செய்யும் பணிவிடை இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. கடைத்தெருப் பேக்கரியின் குசினிக்குள் போய்ப் பார்க்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார். அந்தப் பாணைச் சாப்பிட முடியாமல் படுத்திருப்பவரைப் போய்ப் பார்க்க எவருமில்லை.

பயிற்சி இல்லாமலில்லை. தேசிய தொழிற்தகைமைச் சட்டகத்தில் பராமரிப்பாளருக்கான என்.வி.கியூ. சான்றிதழ் இருக்கிறது. அதைப் பெறுகிறவர்களின் கண் வெளியே. 2019இல் ஜப்பானுடனும் 2020இல் இஸ்ரேலுடனும் செய்த உடன்பாடுகளுக்குப் பிறகு பராமரிப்பு வேலை வெளிநாட்டு வேலைவாய்ப்பாகிவிட்டது. பயிற்சி பெற்றவர் டெல் அவிவில் ஒரு பாட்டியை முறையாகப் புரட்டிவிடுகிறார். அவருடைய சொந்தப் பாட்டியைப் பாலையூற்றில் பயிற்சியில்லாத ஒருவர் பார்க்கிறார். குற்றம் போகிறவர்மேல் இல்லை. இங்கே அந்தச் சான்றிதழுக்குத் தனிச் சம்பளம் கொடுக்க நாம் தயாராயில்லை.

கமெரா பூட்டினால் எல்லாம் சரி என்கிறவர்கள் இப்போது கூடி வருகிறார்கள். விளங்கக்கூடிய ஆசைதான். அடித்தால் தெரியும், கவனிக்காமல் விட்டால் தெரியும். ஆனால் ஊசியில் எத்தனை அலகு, குதிக்கால் சூடா குளிரா, சிறுநீரில் மணமா என்பவை கமெராவில் விழாது. தாயின் உடை மாற்றும் காட்சி எங்கோ ஒரு கணினியில் சேமிக்கப்படுவதை அந்தத் தாயிடம் யாரும் கேட்டதும் இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் வந்துவிட்டது. கட்டிலில் கிடப்பவருக்கும் மானம் உண்டு என்பது அதற்கும் மூத்த விடயம்.

அப்படியென்றால் கதவுக்கு உள்ளே நடப்பதை அளக்கவே முடியாதா? முடியும் என்பதற்கு ஆதாரம் நம்மிடமே, நூறு ஆண்டுகளாக, இருக்கிறது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள் முதல், இலங்கையில் மருத்துவமாது வீடு வீடாகப் போகிறார். கர்ப்பிணி யார் என்பது அவருடைய பதிவேட்டில் இருக்கும். பிரசவமான பத்து நாளுக்குள் இரண்டு முறையாவது வந்து தாயையும் பிள்ளையையும் தொட்டுப் பார்ப்பார். என்ன பார்த்தார் என்று எழுதும் அட்டை வீட்டிலேயே இருக்கும். அதை மேற்பார்வை செய்யும் மருத்துவமாது திடீரென்று வந்து சரிபார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலே சுகாதார வைத்திய அதிகாரி. அதற்கும் மேல் ஒன்று உண்டு. ஒரு தாய் இறந்தால், அது எந்த மூலையிலானாலும், ஏன் என்று கூடிப் பேசி விசாரிப்பார்கள். 1940களின் தொடக்கத்தில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 1,500க்கும் மேலிருந்த தாய் மரணம், அண்மை ஆண்டுகளில் 30ஐ ஒட்டி நின்றது. மலேரியா ஒழிப்புக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கும் வைத்தியசாலைப் பிரசவத்துக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் வீட்டுக்கு வந்த அந்தப் பெண்மணியை நீக்கிவிட்டு இந்தக் கதையை யாராலும் சொல்ல முடியாது.

இந்த ஏற்பாட்டில் நட்சத்திரம் இல்லை, தரப்புள்ளி இல்லை, இணையத் தளமும் இல்லை. இருந்தவை மூன்று: வீட்டிலேயே தங்கும் எழுத்து, இரண்டாவதாக வந்து பார்க்கும் ஒரு கண், கெட்டது நடந்தால் கேட்கப்படும் கேள்வி. ஜெர்மனியின் ஆறு மாத வருகையிலும் ஜப்பானின் திட்டமிடுபவரிடமும் உருப்படியாக எஞ்சுவது இந்த இரண்டாவது கண்தான். பக்கத்திலும் எடுத்துக்காட்டுகள் உண்டு. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், அக்கம்பக்கத்துத் தொண்டர்களையும் தாதியரையும் இணைத்து வீடுவீடாகப் போகும் வலையமைப்பாக வளர்ந்தது, 2008இல் கேரள அரசின் கொள்கையாகவும் ஆனது. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவு, இரத்த அழுத்த மருந்தோடு நோவு தணிப்பையும் இயன்முறைச் சிகிச்சையையும் வாசலுக்குக் கொண்டுபோனது. இவை அரசும் ஊரும் சேர்ந்து நடத்துபவை. ஏஜென்சி அனுப்பும் ஆளைச் சோதிப்பதற்காக ஏற்பட்டவை அல்ல. ஆனால் மாதம் ஒருமுறை வரும் தாதி, நோயாளியின் முதுகைத் தொட்டுப் பார்க்கும்போது அந்தச் சோதனையும் சேர்ந்தே நடந்துவிடுகிறது.

மறுப்புகள் வரும். மருத்துவமாதுக்கு ஏற்கெனவே தாங்க முடியாத சுமை என்பார்கள். மெய்தான், அவர் தலையில் இதையும் கட்டக்கூடாது. பொதுச் சுகாதாரத் தாதியர் பதவி நாட்டில் இருக்கிறது, அதை விரிக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தாதியர் நாட்டை விட்டுப் போகிறார்களே என்றால், ஓய்வு பெற்ற தாதியர் ஊரிலேயே இருக்கிறார்கள். அறுபது வயதில் வீட்டுக்கு வரும் அவர்களில் பலருக்குக் கை ஓய்ந்துவிடவில்லை. பணம் எங்கே என்ற கேள்வி கடினமானது. ஆனால் நாலாம் நிலைப் படுக்கைப்புண்ணோடு ஒருவரைத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் வாரக்கணக்கில் வைத்துப் பார்ப்பதும் அரசாங்கப் பணம்தான்.

அரசு வரும்வரை வீட்டார் சும்மா இருக்க வேண்டியதில்லை. கிளினிக் கொப்பியைப் போலக் கட்டிலடியில் ஒரு கொப்பி வைக்கலாம். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டினது, என்ன சாப்பிட்டார், எத்தனை அலகு இன்சுலின், சிறுநீர் எவ்வளவு, விழுந்தாரா. விழுந்ததை எழுதியதற்காகப் பராமரிப்பாளரைத் திட்டினால் அடுத்த முறை அது எழுதப்படாது, அந்தக் கொப்பியும் அன்றோடு செத்துவிடும். ஏஜென்சியிடம் ‘நம்பிக்கையோ’ என்று கேட்டபின் இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். இந்த ஆள் இதற்கு முன் மூக்குக் குழாயுள்ள நோயாளியைப் பார்த்திருக்கிறாரா? அவருக்கு வருத்தம் வந்தால் யார் வருவார்? உங்கள் பக்கத்திலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கிறவர் யார், எப்போது? கடைசிக் கேள்விக்குப் பதிலில்லாத ஏஜென்சி ஆளை மட்டும் அனுப்புகிறது, பராமரிப்பை அனுப்பவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று: மாதம் ஒருதரமாவது, வீடியோவில் இல்லாமல், தாதிப் பயிற்சியுள்ள ஒருவரைக் காசு கொடுத்து நேரில் அனுப்பி அம்மாவின் முதுகையும் குதிக்காலையும் பார்க்கச் செய்யுங்கள். பராமரிப்பாளருக்குக் கிழமையில் ஒரு நாள் முழு ஓய்வும், இரவுக்கு இன்னொரு கையும் கொடுங்கள். முடியாதென்றால் ‘இருபத்துநாலு மணி நேரம்’ என்ற கற்பனையையாவது விட்டுவிட்டு, இரவில் யார் விழித்திருப்பது என்று குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களம் இருப்பது திருகோணமலையிலேயே. அதன் கதவடியிலுள்ள பாலையூற்றில் இந்த வீட்டு வருகை ஏற்பாட்டை ஓராண்டு செய்து பார்ப்பதற்குப் பாராளுமன்றத்தில் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு பதிவேடும், மாதமொருமுறை போகும் ஒரு தாதியும், விழுந்தவர் அல்லது புண் வந்தவர் விபரத்தைப் பேச மூன்று மாதத்துக்கொரு கூட்டமும் போதும். படுக்கையில் கிடப்பவர்கள் யார் யார் என்ற பட்டியல்தான் முதலில் வேண்டும். கிராம அலுவலரும் ஊர் முதியோர் சங்கமும் சேர்ந்தால் அதை ஒரு மாதத்தில் எடுத்துக் கொடுத்துவிடலாம்.